பித்தப்பைக்கும் பசிக்கும் என்ன தொடர்பு?

கோழி துப்பரவு செய்யும்போது ஈரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைநிறச் சிறு பையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கத்தி படாமல் அதைப் பக்குவமாக அறுத்தெறிய வேண்டும் என்று அம்மாவோ அம்மாச்சியோ சொல்லித் தந்திருப்பார்கள். அது உடைந்து ஒரு சொட்டு இறைச்சியில் பட்டுவிட்டால் சட்டி முழுவதும் கசந்துவிடும். அந்தப் பைதான் பித்தப்பை. அதனுள் இருப்பது பித்தநீர். நமக்கும் வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே, ஈரலின் அடியில், சிறிய பேரிக்காய் வடிவில் அப்படியொரு பை இருக்கிறது.

சகோதரிகளே, சென்ற மாதம் சீனி வருத்தத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் பித்தப்பையைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. வலப்பனைப் பிரதேசத் தோட்டங்களில் வீடு வீடாகப் போகும்போது நான் அதிகம் கேட்கும் நோயின் பெயர் 'கேஸ்ட்ரிக்'. நெஞ்சுக்குழியில் எரிந்தாலும் கேஸ்ட்ரிக், வயிறு ஊதினாலும் கேஸ்ட்ரிக், முதுகில் பிடித்தாலும் கேஸ்ட்ரிக். கடையில் குளிசை வாங்கி, வெந்நீரில் இஞ்சி தட்டிப்போட்டுக் குடித்துவிட்டு, மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் பலருக்கு அது உண்மையிலேயே இரைப்பை அழற்சிதான். ஆனால் சிலருக்கு அது பித்தப்பைக் கல். அந்தச் சிலருக்காகவே இதனை எழுதுகிறேன். நான் சமூகவியல் படித்தவள், வைத்தியர் அல்ல. வைத்தியர்களிடமும் தாதியரிடமும் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'பித்தம் தலைக்கேறிவிட்டது', 'பித்த மயக்கம்', 'பித்த வாந்தி' என்று நாம் சொல்லும் பித்தம், வாதம் பித்தம் கபம் என்று சித்த வைத்தியம் வகுத்த மூன்றில் ஒன்று. அது உடல் முழுவதையும் பற்றிய ஒரு கணக்கு. இங்கே நான் சொல்லப்போவது ஈரல் சுரக்கும் ஒரு நீரைப் பற்றி மட்டுமே.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பையின் கொள்ளளவோ 30 முதல் 50 மில்லிலீற்றர்தான், மூன்று மேசைக்கரண்டி அளவு. அப்படியென்றால் அவ்வளவு நீரும் எப்படி அதில் அடங்கும்? பை அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, பித்தநீரைப் பல மடங்கு சுண்ட வைத்துக்கொள்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பித்தநீரில் வேலை செய்பவை பித்த அமிலங்கள். அமிலம் என்றதும் பயப்படத் தேவையில்லை. அவை நம் வீட்டுச் சவர்க்காரம் போன்றவை. ரொட்டி சுட்ட எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்குப் போகாது. சவர்க்காரம் போட்டால் எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து தண்ணீரோடு போய்விடும். நாம் உண்ணும் தேங்காய்ப்பால், எண்ணெய், மீன் கொழுப்பு எல்லாவற்றையும் சிறுகுடலில் அப்படி உடைத்துக் கொடுப்பவை பித்த அமிலங்களே. அவை இல்லாவிட்டால் கொழுப்பும் சமிக்காது, கொழுப்போடு சேர்ந்து உடலுக்குள் போக வேண்டிய ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் சரிவரப் போகா.

இந்த அமிலங்களை ஈரல் எதிலிருந்து செய்கிறது தெரியுமா? கொலஸ்ட்ரோலிலிருந்து. நாம் எல்லோரும் திட்டித் தீர்க்கும் அதே கொலஸ்ட்ரோல்தான். செய்து முடித்தபின் ஈரல் அவற்றை வீணாக்குவதும் இல்லை. நம் உடலில் மொத்தமாக இருக்கும் பித்த அமிலம் சில கிராம்கள் மாத்திரமே. அது குடலுக்குள் இறங்கி, வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே மீண்டும் ஈரலுக்கே வந்து சேர்கிறது. நூற்றில் 95 பங்கு இப்படித் திரும்பிவிடும். ஒரு நாளில் 6 முதல் 10 தடவை இந்தச் சுற்று நடக்கிறது. மலத்தோடு போய்விடும் அரைக் கிராம் அளவை ஈரல் அன்றாடம் புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது. ஒரே அரிசிச் சாக்கைத் திரும்பத் திரும்பக் கழுவிப் பாவிக்கும் நம் சிக்கனத்தை ஈரலிடம்தான் கற்றோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கல் உருவாகும் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஈரல் பித்தநீருக்குள் கொஞ்சம் கொலஸ்ட்ரோலையும் அப்படியே கழித்துவிடுகிறது. கொலஸ்ட்ரோல் தண்ணீரில் கரையாது. பித்த அமிலங்களும் லெசிதின் என்ற இன்னொரு கொழுப்புப் பொருளும் சேர்ந்து அதைச் சூழ்ந்து பிடித்துக் கரைந்த நிலையில் வைத்திருக்கின்றன. கொலஸ்ட்ரோல் கூடினாலோ, பித்த அமிலம் குறைந்தாலோ இந்தப் பிடி தளர்ந்துவிடும். சீனிப்பாகு ஆறும்போது பாத்திரத்தின் ஓரத்தில் பளிங்கு கட்டுவது போலக் கொலஸ்ட்ரோல் துகள் துகளாகப் பிரியும். முதலில் சேறு போலப் படியும். பிறகு மணல், பிறகு கல்.

ஆனால் துகள் பிரிந்த உடனேயே கல் ஆகிவிடுவதில்லை. பை சுருங்கி நீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் துகள்களும் குடலுக்குள் அடித்துச் செல்லப்படும். பை எப்போது சுருங்கும்? நாம் சாப்பிடும்போது. கொழுப்பும் புரதமும் கலந்த உணவு இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் இறங்கியதும் அங்கிருந்து ஓர் ஓமோன் சுரந்து பித்தப்பைக்குத் தகவல் கொடுக்கிறது. சாப்பிடாவிட்டால் அந்தத் தகவல் போவதில்லை. பை சுருங்காது. பித்தநீர் அங்கேயே கிடந்து சுண்டும், படியும். வாயால் உணவு எடுக்க முடியாமல் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மட்டும் ஊட்டம் பெறும் நோயாளர்களின் பித்தப்பையில் இந்தச் சேறு படிவதை வைத்தியர்கள் வழமையாகக் காண்கிறார்கள்.

இனி நம் பெண்களின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுத்துவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுவது. விடிய நாலரைக்கு எழுந்து சாயத்தண்ணி. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் அவசரத்தில் ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் இன்னொரு சாயத்தண்ணி. வயிற்றுக்குள் ஒழுங்கான சாப்பாடு இறங்கும்போது மத்தியானம் ஒரு மணி. இடையில் போனது பதினேழு மணித்தியாலம்! தோட்டத்தில் மட்டுமல்ல, வன்னியில் கச்சான் வறுத்து விற்கும் சகோதரிக்கும், மட்டக்களப்பில் தும்பு திரிக்கும் சகோதரிக்கும் இதே கணக்குத்தான். வீட்டில் கடைசியாகவும் குறைவாகவும் சாப்பிடுபவள் யார் என்று நான் படித்த சமூகவியல் ஒரு கேள்வி கேட்கும். அதே கேள்வியைப் பித்தப்பையும் கேட்கிறது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

திடீரென்று உடல் மெலிவதும் இதே விதமாகக் கெடுதல் செய்யும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் கல் உருவாகும் அபாயம் கூடுகிறது. உடலிலுள்ள கொழுப்புக் கரையும்போது கொலஸ்ட்ரோல் அதிகமாகப் பித்தநீருக்குள் வருகிறது. சாப்பாடு இல்லாததால் பையும் சுருங்குவதில்லை. இரண்டு கெடுதலும் ஒன்றாக நடக்கின்றன. வெளிநாடுகளில் உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடப்பவர்களிடம் இதைக் கண்டறிந்தார்கள். நம்மிடையே யாரும் விரும்பி அப்படி மெலியவில்லை. 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் கஞ்சியை மட்டும் குடித்து உயிர் தப்பியவர்களும், அதன்பின் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்றவர்களும் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை ஏறியபோது எங்கள் தோட்டங்களில் இரண்டு நேரச் சாப்பாடு ஒரு நேரமானதை நான் கண்ணால் கண்டேன். ஒரு கல்லைக் கையில் எடுத்து இது இந்தப் பசியில் விளைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் பசி பித்தப்பைக்கு நல்லதல்ல என்பதைத் தயங்காமல் சொல்லலாம்.

உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய பெற்றோர் 1977 கலவரத்தோடு மலையை விட்டு வன்னிக்குப் போனவர்கள். இவர் கிளிநொச்சியில் வளர்ந்து, மணமுடித்து, 2009 இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தாய்மாமன் குடியிருந்த லயத்துக்குத் திரும்பி வந்தார். நான் முதல் தடவை போனபோது அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

"என்னக்கா, ஏலாதா?"

"ஒண்ணும் இல்ல மிஸ், கேஸ்ட்ரிக்தான். நெஞ்சுக்குழியில புடிச்சு வலப்பக்கத் தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. ராத்திரியிலதான் கூட. சாப்பிட்டாத்தான் வருது. அதனால சாப்பிடுறதக் கொறச்சிட்டேன். ரெண்டு மணித்தியாலம் படுத்துக் கெடந்தா அடங்கிரும்."

இரண்டு வருடமாக இப்படி என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பித்தப்பைக் கல்லின் வலியைப் பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பது போல இருந்தது. கல் உள்ள பை சாப்பாட்டுக்குப் பின் சுருங்கும்போது, கல் வாயிலை வந்து அடைத்துக்கொள்ளும். பை இன்னும் பலமாக அழுத்தும். அதுதான் அந்த வலி. மேல் வயிற்றின் நடுவிலோ வலப்பக்கத்திலோ தொடங்கி, முதுகுக்கோ வலத் தோளுக்கோ ஓடும். அரை மணித்தியாலத்திலிருந்து சில மணித்தியாலம் வரை நிற்கும். கல் பின்னுக்கு நழுவியதும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். போய்விடுவதால்தான் நாமும் அதை விட்டுவிடுகிறோம். இரைப்பை எரிச்சலுக்கான குளிசை இந்த வலியைத் தீர்க்காது. வலி தானாகவே நின்றிருக்கும், நாமோ குளிசைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்போம்.

சாப்பிட்டால் வலி வருகிறது என்று சாப்பாட்டை நிறுத்திய அக்காவை நான் குறை சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அது நோயை வளர்க்கும் வழி. கிளினிக்குக்குப் போகலாம் என்று நானும் அவரும் நாள் குறித்தோம். ஒரு நாள் பேர் போனால் சம்பளம் போகும் என்று அவர் தள்ளிப்போட்டார். மூன்றாம் வாரம் ஒரு நள்ளிரவில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். கண் மஞ்சளாகிவிட்டது. மகன் 1990 க்கு அழைத்து, சுவசெரிய அம்பியூலன்ஸில் நுவரெலியாவுக்கு, அங்கிருந்து கண்டிக்கு. ஒரு கல் பையை விட்டு இறங்கிப் பித்தக்குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. வாய் வழியே குழாய் விட்டு அதை எடுத்தார்கள். சில கிழமைகளுக்குப் பிறகு பையையும் அகற்றினார்கள். இப்போது பழையபடி கொழுந்து எடுக்கிறார்.

அந்த இரவில் கண்ட அடையாளங்களை இன்னொரு தடவை சொல்கிறேன், வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். வலியோடு நடுங்கும் காய்ச்சல், கண் மஞ்சளாதல், சிறுநீர் சாயத்தண்ணி நிறமாதல், மலம் வெளுத்தல், ஐந்தாறு மணித்தியாலமாகியும் வலி நிற்காமை, ஓயாத சத்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். செங்கமாரி என்று இலைச்சாறு குடித்துக்கொண்டு நாளைக் கடத்தவும் வேண்டாம். குழாயை அடைத்த கல், சதையியையும் அழற்றிவிடும். அது உயிருக்கு ஆபத்தானது. மேல் வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சு முட்டலும் வந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம், அப்போதும் 1990 தான்.

ஆண்களை விடப் பெண்களுக்கு இந்தக் கல் இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஈஸ்திரஜன் என்ற நம் ஓமோன் பித்தநீருக்குள் கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் கூடும் புரொஜெஸ்தரோன் பை சுருங்குவதைத் தளர்த்துகிறது. ஆகையால் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பையில் சேறு படிவது சாதாரணம். பிரசவத்துக்குப் பின் பலருக்கு அது தானாகக் கரைந்துவிடும். ஈஸ்திரஜன் உள்ள கருத்தடைக் குளிசைகளாலும் சிறிதளவு அபாயம் கூடலாம். அதற்காக யாரும் தாமாகவே குளிசையை நிறுத்திவிட வேண்டாம். கல் இருப்பது தெரிந்தவர்கள் கிளினிக்கில் சொல்லி வேறு முறை கேளுங்கள்.

கர்ப்பத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஏழாம் எட்டாம் மாதத்தில் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரிக்கும். தோலில் கொப்புளமோ தடிப்போ இருக்காது. இரவில் கூடும். மயிர்க்கொட்டி பட்டது, மருந்தடித்த கொழுந்து ஒத்துக்கொள்ளவில்லை, சூடு என்று நம் பெண்கள் அதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள். அது பித்த அமிலங்கள் ஈரலிலிருந்து ஒழுங்காக வெளியேறாமல் இரத்தத்தில் தேங்குவதால் வருவதாக இருக்கலாம். தாய்க்கு அரிப்புத்தான் தொல்லை. வயிற்றிலுள்ள பிள்ளைக்கோ அளவு மிகக் கூடினால் உயிராபத்து. இரத்தத்தில் பித்த அமிலம் 100 மைக்ரோமோலைத் தாண்டினால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது என்று 2019 இல் பல நாட்டுத் தரவுகளைத் திரட்டி ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். இதற்கு வழமையாகக் கொடுத்துவந்த குளிசை பிள்ளைக்குப் பெரிய பாதுகாப்பைத் தருவதில்லை என்பதும் அதே ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஒரு பரிசோதனையில் தெரிந்தது. ஆகவே இரத்தப் பரிசோதனையும், கவனிப்பும், தேவைப்பட்டால் நேரத்தோடு பிரசவம் பார்ப்பதுமே வழி. அரிப்பென்றால் வெட்கப்படாமல் அன்றைக்கே குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.

யுத்தத்தில் காயப்பட்ட சகோதரிகள் இந்தப் பகுதியை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள். வேலை முடிந்த பித்த அமிலம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது என்று சொன்னேன் அல்லவா? வயிற்றில் ஷெல் துண்டோ சன்னமோ பாய்ந்து, சத்திரசிகிச்சையில் அந்தக் குடல்துண்டை வெட்டி எடுத்திருந்தால் அமிலம் திரும்பி வர வழியில்லை. அது பெருங்குடலுக்குள் இறங்கித் தண்ணீராக வயிற்றோட்டத்தை உண்டாக்கும். நிறைய வெட்டப்பட்டிருந்தால் ஈரல் எவ்வளவு உழைத்தாலும் ஈடுகட்ட முடியாமல் பித்த அமிலம் குறைந்து, கல்லும் உருவாகலாம். வருடக்கணக்கில் 'என் வயிறு இப்படித்தான்' என்று வெளியூர்ப் பயணத்தையும் கல்யாண வீட்டையும் தவிர்த்து வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். இதற்கு மருந்து உண்டு. பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒருவகைத் தூளை வைத்தியர்கள் கொடுப்பார்கள். அதே குடல்பகுதியில்தான் பி12 விற்றமினும் உறிஞ்சப்படுகிறது. ஆகவே கால் கை விறைப்பும் களைப்பும் இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்புக் கூடுதல், வலியோ தெளிவாகத் தெரியாமல் போகலாம். இன்னொரு முக்கிய விடயம்: பித்தக்குழாயைப் பார்க்கச் சிலவேளை எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்வார்கள். அது பலமான காந்தம். உடம்பில் உலோகத் துண்டு இருந்தால் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பழைய காயத்தைப் பற்றிப் பேச மனம் வராத சகோதரிகள் ஒரு துண்டில் எழுதியாவது கொடுங்கள். சாதாரண வயிற்று ஸ்கேனுக்கு இந்தப் பயம் இல்லை.

எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரோல் கல் அல்ல. பழைய இரத்த அணுக்கள் உடையும்போது வரும் நிறமிப் பொருளால் ஆன கறுப்புக் கற்களும் உண்டு. தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்களுக்கு இவை வரும். 1968 இல் மல்ஹோத்ரா என்ற வைத்தியர் இந்தியப் புகையிரத ஊழியர்களை ஆராய்ந்து, தென்னிந்தியரை விட வட இந்தியருக்குப் பித்தக் கல் ஏழு மடங்கு அதிகம் என்று எழுதினார். பிற்கால ஆய்வுகளின்படி வடக்கில் கொலஸ்ட்ரோல் கல்லும் தெற்கில் நிறமிக் கல்லும் மிகுதி. இலங்கையில் இரண்டு வகையும் காணப்படுகின்றன.

இந்த வேறுபாட்டை ஏன் சொல்கிறேன் என்றால், கல்லைக் கரைக்கும் குளிசை ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு பித்த அமிலம்தான். பெயர் உர்சோடியொக்சிகோலிக் அமிலம். 'உர்சஸ்' என்றால் இலத்தீன் மொழியில் கரடி. கரடியின் பித்தத்தில் நிறைந்திருப்பதால் இந்தப் பெயர். சீனாவில் பழங்காலத்திலிருந்தே கரடிப் பித்தத்தை மருந்தாக்கினார்கள். 1927 இல் யப்பானில் அதிலிருந்து இந்த அமிலத்தைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார்கள். நாமும் குறைந்தவர்கள் அல்ல: குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் கோரோசனை, மாட்டின் பித்தப்பைக் கல்தானே! இப்போது அந்தக் குளிசைக்குக் கரடி தேவையில்லை, மருந்துச் சாலையில் செய்கிறார்கள். ஆனால் சிறிய கொலஸ்ட்ரோல் கற்களை மட்டுமே, அதுவும் பை நன்றாக வேலை செய்தால் மட்டுமே அது கரைக்கும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் விழுங்க வேண்டும். கரைந்தாலும் ஐந்து வருடத்துக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல் மீண்டும் வந்துவிடுகிறது. கறுப்புக் கல்லுக்கு இது பயன்படாது. யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

கைப்பேசியில் சுற்றும் இன்னொரு வைத்தியம், அப்பிள் சாறு குடித்து, எப்சம் உப்பும் ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விழுங்கினால் கல் மலத்தோடு விழும் என்பது. பச்சை உருண்டைகள் விழும், அது உண்மை. 2005 இல் அவ்வாறு விழுந்ததை ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள். குடித்த எண்ணெய் குடலுக்குள் சவர்க்காரமாகி உருண்டு விழுந்திருந்தது. பைக்குள் கல் அப்படியே இருந்தது. வாழைத்தண்டுச் சாற்றையும் நிறையத் தண்ணீரையும் சிலர் குடிக்கிறார்கள். தண்ணீர் சிறுநீரகக் கல்லுக்கு உதவும். அந்தப் பாதை வேறு, இந்தப் பாதை வேறு.

கல் இருப்பவர் எல்லோரும் வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நூற்றில் எண்பது பேருக்குக் கல்லால் எந்தத் தொல்லையும் வருவதில்லை. வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தெரிந்தது என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வலி வரத் தொடங்கியவர்களுக்குத்தான் பையை அகற்றச் சொல்வார்கள். கல்லை மட்டும் எடுத்தால் நோயுற்ற பை திரும்பவும் கல் செய்யும்.

பை இல்லாமல் வாழ முடியுமா? அக்காவும் அதைத்தான் முதலில் கேட்டார். நுவரெலியா வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் குதிரைகளுக்குப் பித்தப்பையே கிடையாது. நாளெல்லாம் மேய்வதால் அவற்றுக்குச் சேமிப்பு வேண்டியதில்லை. மனிதரில் முதன்முதலாக 1882 ஆம் ஆண்டு யூலை 15 இல் பேர்லினில் லாங்கன்பூக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 43 வயதான ஒருவரின் பித்தப்பையை அகற்றினார். அவர் நலமாக வீடு திரும்பினார். பை போனபின் பித்தநீர் ஈரலிலிருந்து நேராகக் குடலுக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். சிலருக்குச் சில காலம் வயிறு இளகிப் போகும், முன்பு சொன்ன அதே தூள் அதற்கும் உதவும். மற்றபடி சோறு, கறி, ரொட்டி எல்லாம் சாப்பிடலாம்.

சிறு துளைகள் இட்டுச் செய்யும் முறையென்றால் ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம், ஓரிரு வாரத்தில் இலகுவான வேலைகளுக்குத் திரும்பலாம். வயிற்றைத் திறந்து செய்தால் நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. நனைந்த கொழுந்துக் கூடையின் பாரம் உங்களுக்குத் தெரியும். அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பணம் இல்லை. உண்மையான செலவு அந்த ஆறு வாரம்தான். பிள்ளைகளை யார் பார்ப்பது, கடைக் கடனை யார் கட்டுவது, தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது? தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் சத்திரசிகிச்சைத் திகதியை விடுவது கத்திக்குப் பயந்து அல்ல, இந்தக் கேள்விகளுக்குப் பயந்து. அக்காவின் லயத்தில் ஐந்து வீட்டுப் பெண்கள் முறை வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள். சங்கத்தில் சேர்த்த சீட்டுப் பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டிக் கொடுத்தார்கள். உங்கள் சங்கக் கூட்டத்திலும் இதைப் பேசி வையுங்கள், தேவை வந்தபின் பேச நேரமிருக்காது. வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை வைத்தியரிடம் துண்டில் எழுதிக் கேளுங்கள்.

கல் வராமலிருக்க என்ன சாப்பிடலாம் என்று கேட்பீர்கள். எண்ணெயே வேண்டாம் என்று முற்றாக விடுவதால் பயனில்லை. கொஞ்சம் கொழுப்பு இறங்கினால்தான் பை சுருங்கும். காலையில் மலைக்கு ஏறுமுன் ரொட்டியோடு தேங்காய்ச் சம்பலோ பருப்போ, முடிந்தால் ஒரு முட்டையோ சேர்த்துச் சாப்பிட்டாலே போதும். கீரை, அவரை, கடலை நல்லது. உடம்பைக் குறைக்க வேண்டியவர்கள் மெதுவாகக் குறையுங்கள். ஏற்கெனவே கல்லும் வலியும் உள்ளவர்கள் சிகிச்சை கிடைக்கும்வரை பொரியல், கொழுப்பிறைச்சி, கட்டித் தேங்காய்ப்பாலைக் குறைத்து, சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். பட்டினி வேண்டாம்.

ஸ்கேனுக்குப் போகும் நாளில் மட்டும் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வெறும் வயிற்றோடு போகச் சொல்வார்கள். பை நிறைந்திருந்தால்தான் கல் தெரியும். தண்ணீர் குடிக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அன்று காலை மருந்தை என்ன செய்வதென்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சத்திரசிகிச்சைத் துண்டுகள் இருந்தால் கொண்டு போங்கள். சாப்பாட்டையும் கட்டி எடுத்துப் போங்கள். வலப்பனையிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஸ்கேன் முடிந்ததும் அங்கேயே ஒரு வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.